விதை தேடிய வாவிலோவ்

உங்க வீட்டுச் சமையலறையில் மைசூர் பருப்பு இருக்கா? பட்டாணி இருக்கா? இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்க. இவை சொந்தக்காரங்க! ஒரே குடும்பத்துச் செடிகள்.

இப்படிப்பட்ட சொந்தங்களைத் தேடி உலகம் சுற்றியவர் நிக்கோலாய் வாவிலோவ். அவர் 1887-இல் ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார். அந்தக் காலத்தில் ரஷ்யாவில் பெரிய பஞ்சங்கள் வந்தன. நல்ல பயிர்களை உருவாக்கிப் பஞ்சத்தை ஒழிக்க அவர் ஆசைப்பட்டார்.

காட்டுப் பட்டாணிக் காய் காய்ந்ததும் டப்புனு வெடிக்கும். விதைகள் சிதறிப் போகும். செடிக்கு அது நல்லது. ஆனா, பொறுக்குற நமக்குக் கஷ்டம்! சில செடிகளில் மட்டும் காய் வெடிக்காது. பழங்கால மக்கள் அந்த விதைகளையே திரும்பத் திரும்ப விதைச்சாங்க. அப்படித்தான் காட்டுச் செடி வயல் செடி ஆச்சு. மைசூர் பருப்புச் செடியிலும் இதே மாற்றம் நடந்தது.

ஏன் தெரியுமா? செடிக்குள் மரபணுக்கள் இருக்கு. கம்ப்யூட்டருக்கு நாம எழுதுற புரோகிராம் மாதிரி, செடி எப்படி வளரணும்னு அவை சொல்லும். சொந்தக்காரச் செடிகளின் மரபணுக்கள் ரொம்ப ஒத்திருக்கும். அதனால் ஒன்றில் வரும் மாற்றம் மற்றொன்றிலும் வரலாம். சொந்தக்காரச் செடிகள் ஒரே மாதிரி மாறும் என்பதை வாவிலோவ் 1920-இல் ஒரு விதியாகச் சொன்னார்.

பிறகு ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா என்று பல நாடுகளுக்குப் போனார். சேர்த்த விதைகளை லெனின்கிராட் நகரில் பாதுகாத்தார்.

ஆனால் லைசென்கோ என்பவர் மரபணு அறிவியலே தவறு என்றார். நாட்டை ஆண்ட ஸ்டாலின் அவர் பக்கம் நின்றார். வாவிலோவ் உண்மையை விட்டுக்கொடுக்கல. 1940-இல் அவரைக் கைது செய்தார்கள். 1943-இல், பசியை ஒழிக்க நினைத்த அவரே, சிறையில் பசியால் வாடி இறந்தார்.

அதே காலத்தில் லெனின்கிராடை எதிரிப் படை சூழ்ந்தது. ஊரில் சாப்பாடே இல்லை. விதைகளைக் காத்த விஞ்ஞானிகளைச் சுற்றி அரிசி, பட்டாணி, கோதுமை எல்லாம் இருந்தன. ஆனாலும் அவர்கள் அவற்றைச் சமைத்துச் சாப்பிடவில்லை. சிலர் பசியால் இறந்தே போனார்கள்.

அந்த விதைச் சேகரிப்பு இன்றும் இருக்கு. அதைக் காக்கும் நிறுவனத்துக்கு வாவிலோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சொல்லும் பொருளும்
பஞ்சம் – உணவு கிடைக்காத காலம்
விதி – எப்போதும் பொருந்தும் உண்மை

பேசலாம் வாங்க
அந்த விஞ்ஞானிகள் யாருக்காக விதைகளைக் காத்தார்கள்? நீங்க அங்கே இருந்தா என்ன செய்திருப்பீங்க?