ஜான் ஸ்கோப்ஸ்

ஜான் தாமஸ் ஸ்கோப்ஸ் (ஆகஸ்ட் 3, 1900 - அக்டோபர் 21, 1970) அமெரிக்காவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரும் நிலவியலாளரும் ஆவார். டென்னசி மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக 1925 இல் இவர் மீது தொடரப்பட்ட வழக்கு உலகப் புகழ் பெற்றது. செய்தித்தாள்கள் இதனைக் குரங்கு வழக்கு என அழைத்தன.

இளமை

ஸ்கோப்ஸ் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் பிறந்தார். 1919 இல் இல்லினாய் மாநிலத்தின் சேலம் நகரில் பள்ளிப் படிப்பை முடித்தார். அவ்வாண்டுப் பள்ளி நிறைவு விழாவில் உரையாற்றியவர், அவ்வூரில் பிறந்த அரசியல்வாதியான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஸ்கோப்சுக்கு எதிராக வாதிட்டவரும் இவரே. 1924 இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஸ்கோப்ஸ், டென்னசியின் டேட்டன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் அமெரிக்கக் காற்பந்துப் பயிற்சியாளராகவும் ஆசிரியராகவும் பணியில் சேர்ந்தார்.

பட்லர் சட்டம்

மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடை செய்யும் பட்லர் சட்டம் மார்ச் 1925 இல் டென்னசியில் இயற்றப்பட்டது. இதனை நீதிமன்றத்தில் எதிர்க்க முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் அறிவித்தது. வழக்கு நடந்தால் ஊருக்குப் பெயர் கிடைக்கும் எனக் கருதிய டேட்டன் பிரமுகர்கள் ஒரு மருந்துக் கடையில் கூடி, ஸ்கோப்சை அழைத்து அவரது சம்மதத்தைக் கேட்டனர்.

அவர் முறையான உயிரியல் ஆசிரியர் அல்லர். அப்பாடத்தை நடத்தியவர் நோயுற்றபோது சில நாட்கள் பதிலாக வகுப்பெடுத்தவர். அரசே ஏற்பளித்திருந்த ஹண்டரின் சிவிக் பயாலஜி என்ற பாடநூலில் பரிணாமம் இடம்பெற்றிருந்தது. எனவே சட்டத்தை மீறாமல் உயிரியல் கற்பிக்க இயலாது என்பது ஸ்கோப்சின் நிலைப்பாடு. எனினும் அப்பகுதியைத் தாம் உண்மையில் நடத்தினோமா என்பது அவருக்கே உறுதியாக நினைவில்லை. தமக்கு எதிராகச் சாட்சி கூறுமாறு மாணவர்களை அவரே ஊக்கப்படுத்தினார்.

வழக்கு

விசாரணை ஜூலை 10 முதல் 21 வரை நடைபெற்றது. சிக்காகோ வானொலி நிலையம் ஒன்று இதனை நேரடியாக ஒலிபரப்பியது. ஸ்கோப்சுக்காக வாதிட்ட கிளாரன்ஸ் டாரோ, நீதிமன்றப் புல்வெளியில் பிரையனையே சாட்சியாக்கி விவிலியம் பற்றி வினவினார். இறுதியில் நடுவர் குழு 9 நிமிடங்களில் ஸ்கோப்ஸ் குற்றவாளி என முடிவு செய்தது. நீதிபதி 100 டாலர் தண்டம் விதித்தார். ஐந்து நாட்களில் பிரையன் டேட்டனிலேயே காலமானார். 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தை நடுவர் குழுவே விதிக்க வேண்டும் என்ற நடைமுறைக் காரணத்தால் 1927 இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. ஆனால் பட்லர் சட்டம் செல்லும் என்றது.

பிற்கால வாழ்க்கை

ஸ்கோப்ஸ் மீண்டும் பள்ளி ஆசிரியர் பணிக்குத் திரும்பவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று, வெனிசுவேலாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் பணியாற்றினார். 1967 இல் தன்வரலாற்றை வெளியிட்டார். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் காலமானார்.

பாடநூல்களில் விளைவு

வழக்கைப் பற்றிய நாடகமும் திரைப்படமும் டாரோ வென்றதான தோற்றத்தையே தருகின்றன. வகுப்பறையில் நிகழ்ந்தது வேறு. 1926 இல் வெளிவந்த ஹண்டர் நூலின் திருத்திய பதிப்பில் பரிணாமம் என்ற சொல்லே தவிர்க்கப்பட்டது. (இனமேம்பாட்டியலை ஆதரித்து, வெள்ளையரை உயர்ந்த இனமாகக் காட்டிய முதற்பதிப்பும் குறையற்ற நூலன்று.) 1963 இல் வெளியான பி.எஸ்.சி.எஸ். பாடநூல்களே பரிணாமத்தை உயிரியலின் மையத்திற்குக் கொண்டு வந்தன. அவற்றுள் பச்சைப் பதிப்பு சூழலியலை அடிப்படையாகக் கொண்டது. பட்லர் சட்டம் 1967 இல் நீக்கப்பட்டது. இத்தகைய தடைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968 இல், ஆர்கன்சாவின் உயிரியல் ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது.