போத்தனூர்த் தாயின் புதல்வர்

கணிப்பொறி என்றதும் மேலைநாட்டு அறிஞர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவரின் தாயார் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆலன் டூரிங்கின் அன்னை சாரா 1881-இல் அங்குப் பிறந்தார். சாராவின் தந்தை சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். கணவர் ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.

ஆலன் 23-6-1912 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தையின் பணி இங்கிருந்ததால், இளமையின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் கழித்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, எந்தக் கணக்கையும் விதிப்படி செய்யும் ஒரு கற்பனைப் பொறியை 1936-இல் விளக்கினார். இன்றைய கணிப்பொறிகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே எனலாம்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. செருமானியர் தம் ஆணைகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பினர். அதனை அமைக்கும் வழிகள் 159-ஐ அடுத்துப் பதினெட்டுச் சுழிகள்! அமைப்போ நாள்தோறும் மாறும். அதன் அடிப்படையை முதலில் கண்டவர்கள் போலந்துக் கணித அறிஞர்கள். இவ்வுண்மை பல நூல்களில் மறைந்துபோவது வருந்தத்தக்கது. அவர்கள் தந்த அறிவைக் கொண்டு பிளெட்ச்லி பார்க்கில் டூரிங் 'பாம்ப்' என்னும் பொறியை வகுத்தார். எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. இக்குறையைப் பற்றிக்கொண்டு, செய்தியில் இருக்கக்கூடிய சொற்றொடர் ஒன்றை ஊகித்துப் பொருத்தினர். முரண்படும் அமைப்புகளையெல்லாம் பொறி தள்ளியது. நீர்மூழ்கிகளின் செய்திகள் வெளிப்பட்டதால் அட்லாண்டிக் கடலில் பல கப்பல்கள் தப்பின.

ஆனால் பொறி கண்டது அமைப்பை மட்டுமே. செய்தியை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தவர் மனிதரே. பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் எந்திரக் கைகளைப் பார்க்கும் நண்பர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இன்று வல்லரசுகள் ஒன்றையொன்று முந்த முனைவது, இலக்கையும் தானே தேர்ந்து தாக்கும் கருவிகளில்! அவற்றுக்கு எல்லை வகுக்க 2014 முதல் ஜெனீவாவில் நாடுகள் பேசி வருகின்றன. பேச்சைவிடப் படைக்கலம் விரைகிறது என்பதே என் கருத்து.

பொறி சிந்திக்குமா என்ற வினாவை டூரிங் 1950-இல் எழுப்பி, உரையாடலால் சோதிக்கும் முறையையும் வகுத்தார். அதன்பின் நேர்ந்தது கொடுமை. தன்பாலின உறவுக்காக 1952-இல் அந்நாட்டு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சிறைக்கு மாற்றாக இயக்குநீர் மருந்தை ஏற்க வேண்டியதாயிற்று. அரசின் இரகசியப் பணிகளுக்கும் கதவு அடைபட்டது. நாட்டைக் காத்தவரையே நாடு ஐயுற்றது! 7-6-1954 அன்று சயனைடு நஞ்சால் மாண்டார். தற்கொலை என்றது விசாரணை. மன்னிப்பு வந்தது 2013-இல்.

அன்னை சாரா 1959-இல் மகனின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். எனிக்மாவை வென்ற கதை அதில் இல்லை. 1970-களில்தான் அந்த இரகசியம் உலகுக்கு வெளிப்பட்டது.