உப்பை இழந்த உடலும் உவகை இழக்காத உள்ளமும்

நாரணாபுரத்துக் கோடையில் வேலை முடிந்து வியர்வை சொட்ட வீடு திரும்பும் தந்தைக்கு உப்பிட்ட நீர்மோர் நீட்டும் பிள்ளைகள் நாம். உப்பின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் உடலே உப்பைக் காக்க இயலாமற் போனால்? அந்நோயால் இளமையிலேயே மறைந்த புனிதை ஒருவரை இங்கே நினைவுகூர்வோம்.

எலிசபெத் 1880 ஜூலை 18 அன்று பிரான்சு நாட்டில், பூர்ஜ் நகரருகே ஓர் இராணுவ முகாமில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். சிறுமியாயிருக்கையில் கடுங்கோபக்காரி, முயன்று முயன்று அக்கோபத்தை வென்றார். 13 வயதில் தீஜோன் இசைப்பள்ளியில் பியானோவுக்கு முதற்பரிசு பெற்றார். ஆயினும் உள்ளம் துறவையே நாடிற்று. தாயின் சொற்படி 21 வயது வரை பொறுத்திருந்து, 1901 ஆகஸ்டு 2 அன்று கார்மேல் மடம் புகுந்தார்.

1905-இல் சோர்வு தொடங்கியது. அடுத்த ஆண்டு நோயாளர் அறையே அவரது இல்லமாயிற்று. உணவை வயிறு ஏற்கவில்லை. உடல் மெலிந்து உருகிற்று. அவரைப் பற்றியது அடிசன் நோய்.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். அவை பழுதுற்றால் சிறுநீர் வழியே சோடியம் வீணாகும், இரத்த அழுத்தம் தாழும், களைப்பும் மயக்கமும் வாந்தியும் வரும், தோல் கருக்கும், பலருக்கு உப்பின்மேல் அடங்கா ஆசை எழும். 1855-இல் இதனை விவரித்தவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன். காசநோய் அச்சுரப்பிகளைத் தாக்குவதும் இதற்கு ஒரு காரணம்.

அன்று இதற்கு மருந்தில்லை. அவ்வேதனையிலும் 1906 ஆகஸ்டில், இரு குழந்தைகளுக்குத் தாயான தம் தங்கைக்காகத் தியானச் சிந்தனைகளை எழுதினார் எலிசபெத். நவம்பர் 9 அன்று, 26 வயதில், இறைவனடி சேர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கார்ட்டிசோன் மருந்து வந்தது. அதன் ஆய்வாளர் மூவர் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று இந்நோயாளர் தவறாது மாத்திரை உண்டு நெடுநாள் வாழ்கின்றனர்.

1984-இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். 2016 அக்டோபர் 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்பதெல்லாம் நோயன்று. ஆனால் ஓயாத களைப்பு, எழுந்தால் தலைசுற்றல், காரணமின்றி மெலிதல், கருத்துவரும் தோல் ஆகியவற்றுடன் ஒரு பெண் உப்பையும் தேடினால், சோம்பேறி என்று கடியாதிருப்போம். நாமாக உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். எலிசபெத்துக்குக் கிட்டாத மருந்து இன்று நமக்குக் கிட்டுகிறது. அதனைக் காலத்தே தேடித் தருவதும் அன்பின் பணியே.