அகதிகளின் வீதியில் ஒரு வைத்தியர்

மொன்றியல் நகரில், கொன்கோடியாப் பல்கலைக்கழகத்தின் அருகே, வெண்ணிறச் சிலையொன்று நிற்கின்றது. சீன மக்கள் குடியரசு கனடாவுக்கு அளித்த சிலை அது. நாள்தோறும் அதனைக் கடந்து வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர், அந்த மனிதர் ஒரு காலத்தில் அகதிகளை லொறியில் ஏற்றிக் காத்தவர் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அவர்தாம் டாக்டர் நோர்மன் பெத்தியூன்.

ஒன்ராறியோ மாகாணத்துக் கிரேவன்ஹேர்ஸ்ற் என்னும் சிற்றூரில், 1890 மார்ச் 4 ஆம் திகதி, கிறிஸ்தவ போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். முதலாம் உலகப் போரிலே காயப்பட்டோரைத் தூக்கிச் செல்லும் பணியிற் சேர்ந்து, 1915 இல் தாமே காயமுற்றுத் திரும்பி, ரொறன்ரோவில் மருத்துவப் படிப்பை முடித்தார். 1926 இல் சயரோகம் அவரைப் பற்றியது. நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்வதற்காக நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தும் முறையைப் பற்றி நூலொன்றிற் படித்தவர், வைத்தியர்கள் தயங்கியபோதும் வற்புறுத்தி அதனைச் செய்வித்துப் பிழைத்தார். பின்னர் மொன்றியலில் நெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணராகப் புகழ் பெற்றார். ஆயினும் ஒன்று அவரை உறுத்தியது. வசதியுள்ள நோயாளர் குணமடைந்து வாழ, ஏழைகளோ சிகிச்சை முடிந்தபின் நெரிசலும் குளிரும் நிறைந்த அதே அறைகளுக்குத் திரும்பி, மீண்டும் நோயுற்று இறந்தனர். மருத்துவம் யாவருக்கும் அரசின் பொறுப்பாக வேண்டும் என்று 1936 இல் நண்பர்களுடன் சேர்ந்து திட்டமொன்றை முன்வைத்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. கனடாவில் அதற்கான தேசியச் சட்டம் 1966 இலேதான் வந்தது.

1936 இன் இறுதியில், உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஸ்பெயினுக்குத் தொண்டராகச் சென்றார். காயமுற்ற வீரர் பலர் வைத்தியசாலையை அடையுமுன்னரே குருதியிழந்து இறப்பதைக் கண்டு, மட்ரிட் நகர மக்களிடம் இரத்தத்தைப் பெற்று, போத்தல்களிற் குளிரூட்டி, வண்டியிற் போர்முனைக்கே கொண்டுசென்றார். இம்முறையை இவர் ஒருவரே கண்டார் என எழுதுவோர் உளர், அது மிகை. பார்சலோனாவில் டாக்டர் டுரான் ஜோர்டா இதே பணியைச் சற்று முன்னரே தொடங்கியிருந்தார்.

1937 பெப்ரவரி 8 ஆம் திகதி மலாகா நகரம் பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. அங்கிருந்து அல்மெரியாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல், நடுவே ஒரே வீதி. பல்லாயிரக்கணக்கான பெண்களும் முதியோரும் சிறுவரும் அவ்வீதி வழியே கால்நடையாக ஓடினர். கடலிலிருந்து போர்க்கப்பல்களும் வானிலிருந்து விமானங்களும் அவர்களைத் தாக்கின. ஓடி வந்த பாதையை நினைவில் வைத்திருக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரத்த வண்டியுடன் மலாகாவை நோக்கிச் சென்ற பெத்தியூனும் இரு தோழர்களும் எதிரே வந்த இம்மக்கள் வெள்ளத்தைக் கண்டனர். வண்டியிலிருந்தவற்றை இறக்கிவிட்டு, அதனை அகதிகளுக்கு ஒதுக்கினர். யாரை ஏற்றுவது? முதலிற் குழந்தைகளை மட்டும் என முடிவு செய்தனர். தாய்மார் தம் பிள்ளைகளைத் தூக்கி நீட்டினர். ஆனால் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வீதியில் நின்ற தாயின் நிலையைச் சகிக்க முடியாமல், அம்முடிவை மாற்றி, சிறு பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களையும் பெற்றோரை இழந்து தனித்து வந்த குழந்தைகளையும் ஏற்றினர். இரவு பகலாக வண்டி போய்ப்போய் வந்தது. ஏற்றப்பட்டோரிலும் விடப்பட்டோரே அதிகம். அல்மெரியாவை அடைந்தோரும் தப்பவில்லை. பெப்ரவரி 12 ஆம் திகதி, அகதிகள் நிறைந்திருந்த அந்நகரின்மேல் குண்டுகள் வீழ்ந்தன. தாம் கண்டவற்றைச் சிறு நூலாக எழுதி உலகறியச் செய்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். முன்கோபமும் குடிப்பழக்கமும் உடையவர். உடன் பணிபுரிந்தோருடன் முரண்பட்டே ஸ்பெயினை விட்டு வெளியேறினார்.

1938 ஜனவரியில் வன்கூவரிலிருந்து கப்பலேறி, யப்பானியப் படையெடுப்பை எதிர்த்து நின்ற சீனாவின் வடபகுதிக்குச் சென்றார். மருந்தும் கருவிகளும் அரிதாயிருந்த மலைக் கிராமங்களிலே, கோவேறு கழுதைகளிற் சத்திரசிகிச்சைப் பொருட்களை ஏற்றிச் சென்றார். தம் இரத்தத்தையும் காயமுற்றோர்க்குக் கொடுத்தார். கிராமத்து இளைஞர்களுக்கு வைத்தியம் பயிற்றினார். 1939 இல் ஒருமுறை 69 மணித்தியாலங்களில் 115 சத்திரசிகிச்சைகளைச் செய்தார் எனப் பதிவாகியுள்ளது.

அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில், கையுறையின்றிச் சத்திரசிகிச்சை செய்கையில் அவரது விரல் வெட்டுண்டது. காயத்தில் நஞ்சேறி இரத்தத்திற் பரவியது. பெனிசிலின் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. நவம்பர் 12 ஆம் திகதி, ஹெபெய் மாகாணக் கிராமமொன்றில், 49 ஆவது வயதிற் காலமானார்.

அவர் பெயரால் அப்பகுதியில் அமைந்த வைத்தியசாலையைப் பின்னர் பொறுப்பேற்று நடத்தியவர், 1938 இல் இந்தியாவிலிருந்து தொண்டராகச் சென்ற ஐந்து வைத்தியர்களுள் ஒருவரான டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். அவரும் ஊர் திரும்பவில்லை. 1942 டிசம்பரில், 32 ஆவது வயதில், அங்கேயே மறைந்தார்.