சுல்தானாவின் கனவு கண்ட ரொக்கையா அம்மையார்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் யாருக்கும் தெரியாமல் கதை எழுதுவோர் நம் வகுப்பிலும் சிலர் உண்டு. பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். எழுத்தையே ஒளிந்து ஒளிந்து கற்ற ஒரு பெண்மணி, விஞ்ஞானக் கதை ஒன்றை எழுதினார். பீகாரில் எழுதப்பட்ட அக்கதை முதன்முதலில் அச்சேறியது நம் சென்னையில்தான். அவர் பெயர் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன்.

ரொக்கையா அம்மையார் 1880-ஆம் ஆண்டு, இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூரை அடுத்த பைராபந்த் என்னும் சிற்றூரில், செல்வம் மிக்க ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பல மொழி அறிந்தவர். புதல்வர்களைக் கொல்கத்தாவில் இயேசு சபைத் துறவியர் நடத்திய தூய சவேரியார் கல்லூரிக்கு அனுப்பினார். புதல்வியருக்கோ வீட்டிற்குள் திருக்குர்ஆன் ஓதவும் சிறிது உருது படிக்கவும் மட்டுமே அனுமதி இருந்தது. வங்காளமும் ஆங்கிலமும் பெண்களுக்கு ஆகாது என்பது அக்குடும்பத்து வழக்கம். ஐந்து வயது முதலே அவர் திரைக்குள் வாழ வேண்டியிருந்தது. ஆண்கள் மட்டுமல்ல, அயல்வீட்டுப் பெண்கள் வந்தாலும் அடுக்களையிலோ கட்டிலுக்கடியிலோ போய் ஒளிய வேண்டும். விளையாட்டுக்காக ஒளிவதே நமக்கு அரைமணியில் சலித்துவிடுகிறது. அவருக்கு அதுவே வாழ்க்கையாக இருந்தது.

மூத்த சகோதரி கரீமுன்னிசா அவருக்கு வங்காள மொழியைக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் இப்ராஹிம் சாபர், வீட்டில் எல்லோரும் உறங்கிய பின்னர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அந்த அண்ணனுக்குத் தான் எழுதிய 'பத்மராகம்' என்ற நாவலைப் பின்னாளில் காணிக்கையாக்கினார்.

1898-ஆம் ஆண்டளவில் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த சகாவத் ஹுசைன் அவர்களுக்கு ரொக்கையா வாழ்க்கைப்பட்டார். அவர் மனைவியை இழந்தவர், வயதிலும் மிகவும் மூத்தவர். ஆனால் இங்கிலாந்து சென்று படித்து வந்த அவர், மனைவி படிப்பதையும் எழுதுவதையும் தடுக்கவில்லை. ஊக்கப்படுத்தினார். பிறந்த இரு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்துவிட்டன. அத்துயரத்தைப் பற்றி நான் அதிகம் எழுத இயலாது.

இனி கதைக்கு வருவோம். ஒருமுறை கணவர் அலுவல் காரணமாகச் சுற்றுப்பயணம் சென்றிருந்தார். வீட்டில் தனித்திருந்த ரொக்கையா பொழுதுபோக்காக ஒரு கதையை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். தம் ஆங்கிலம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கும் எண்ணமும் இருந்ததாம். அதுவே 'சுல்தானாவின் கனவு'. திரும்பி வந்த கணவர் அதை வாங்கி, உட்காரவும் மறந்து நின்றபடியே படித்து முடித்தார். பெண்கள் ஆண்களைப் பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டார்கள் என்று வியந்தார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த சுல்தானா என்ற பெண், கனவில் பெண்கள் நாட்டிற்குச் செல்கிறாள். அங்கே பெண்கள் தெருவில் அச்சமின்றி நடக்கிறார்கள். ஆண்களே வீட்டிற்குள் அடைபட்டுச் சமையலையும் குழந்தைகளையும் கவனிக்கிறார்கள். அந்நாட்டு அரசி பெண்கள் எல்லோரும் கல்வி கற்க வேண்டும் என்றும், இருபத்தொரு வயதிற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்றும் ஆணையிட்டிருக்கிறாள். பெண்களுக்கென்றே இரு பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை மேகத்திற்கு மேலே நிறுத்தி வேண்டிய மட்டும் நீரை இறக்குகிறது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. சமையலறையில் புகை இல்லை. வயலை மின்சாரம் உழுகிறது. வானூர்தியில் ஏறிப் பயணம் செய்கிறார்கள். பகையரசன் படையெடுத்தபோது ஆண்களின் சேனை தோற்றது. அப்போது பல்கலைக்கழகத் தலைவியும் இரண்டாயிரம் மாணவியரும் சென்று, சேர்த்து வைத்த சூரிய வெப்பத்தைப் பகைவர்மீது பாய்ச்சி விரட்டினார்கள்.

மேற்கு மலைமீது மேகம் குவிந்து நின்றும் நம் தளவாய்புரத்தில் ஒரு தூறலும் விழாத நாட்களில், அந்தப் பலூன் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். சூரிய வெப்பமோ வெறும் கற்பனையாக நிற்கவில்லை. நம் அண்டை மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே எழுந்துவிட்டது.

கதையை எழுதி முடித்தால் போதுமா? அன்னிய மொழியில் எழுதியதாயிற்றே, பிழை இருக்குமோ என்ற ஐயம் இருந்தது. கணவர் கையெழுத்துப் பிரதியைப் பாகல்பூர்க் கமிஷனராக இருந்த மெக்பர்சன் என்ற ஆங்கிலேயருக்குத் திருத்தத்திற்காக அனுப்பினார். அவர் ஒரு சொல்லையும் மாற்றாமல், கருத்தையும் நடையையும் பாராட்டிக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்பினார். பிறகு 1905-ஆம் ஆண்டு அக்கதை சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் வெளியாயிற்று. அதை 1901-இல் தொடங்கி நடத்தி வந்தவர் கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி. வங்காளத்து இஸ்லாமியப் பெண் பீகாரில் அமர்ந்து ஆங்கிலத்தில் எழுதியதை, சென்னைக் கிறிஸ்தவப் பெண் அச்சிட்டார். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. 1908-இல் கொல்கத்தாவில் எஸ்.கே. லாஹிரி நிறுவனம் அதைத் தனி நூலாக வெளியிட்டது. பின்னர் ரொக்கையாவே அதை வங்காளத்தில் ஆக்கி, 1922-இல் வெளிவந்த 'மோதிசூர்' இரண்டாம் பாகத்தில் சேர்த்தார்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1909-இல், கணவர் காலமானார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதைக் கொண்டு அம்மையார் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி தொடங்கினார். கதையில் இரண்டாயிரம் மாணவியர், கையிலோ ஐந்து பேர்! சொத்துத் தகராறினால் அவ்வூரில் இருக்க முடியாமல் போயிற்று. கொல்கத்தா சென்று 1911-இல் எட்டு மாணவியரோடு சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று, பெண்களை அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடினார்.

அப்பள்ளியின் பேருந்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். மாணவியர் முகம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வண்டி காற்றுப் புகாதவாறு நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. முதல் நாளே உள்ளே இருந்த சிறுமியர் சிலர் மயங்கி விழுந்தனர், சிலர் வாந்தி எடுத்தனர், இருட்டில் அழுதனர். பெற்றோர் குறை கூறவே, அடைப்பை எடுத்துவிட்டுத் துணித் திரை கட்டினார். உடனே வேறு கடிதங்கள் வந்தன. காற்றில் திரை விலகுகிறது, பெண்கள் தெரிகிறார்கள், இதைச் சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் எழுதிப் பள்ளியைத் தூற்றுவோம் என்று மிரட்டல். ஆண்களை எல்லாம் வீட்டிற்குள் அடைத்துக் கதை எழுதிய கை, தன் மாணவியருக்கே திரை கட்ட வேண்டியதாயிற்று. வெளியே செல்லும்போது அவரும் முக்காடிட்டே சென்றார். இதற்காக அவரைக் கோழை என்று சொல்வோர் இருக்கலாம். நான் சொல்லமாட்டேன். திரை கட்டியிராவிட்டால் அச்சிறுமியர் பள்ளிக்கே வந்திருக்கமாட்டார்கள்.

1905-இல் கதை வெளியானபோது இந்தியாவில் ஆகாய விமானமே கிடையாது. 1930-ஆம் ஆண்டு, ஐம்பது வயதில், உறவு முறையான ஓர் இளம் விமானியுடன் ரொக்கையா அம்மையார் வானில் ஐம்பது மைல் பறந்தார். கனவில் தாம் எழுதியது கண்முன் நடந்ததை எண்ணி மகிழ்ந்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அக்கட்டுரையில்தான் கதை பிறந்த வரலாற்றையும், கணவர் நின்றபடியே படித்ததையும் நினைவுகூர்ந்தார்.

1932-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் கொல்கத்தாவில் அம்மையார் உயிர் நீத்தார். முதல் நாள் இரவும் எழுதிக்கொண்டிருந்தார். பெண்களின் உரிமை பற்றிய அக்கட்டுரை முடிவு பெறாமலே மேசைமீது கிடந்தது. அவர் தொடங்கிய பள்ளி இப்போது அரசுப் பள்ளியாகக் கொல்கத்தாவில் நடைபெற்று வருகிறது. 'சுல்தானாவின் கனவு' 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சிறிய கதைதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் படித்து முடித்துவிடலாம்.