ரோபோ என்ற சொல்லும் உடலில்லாத ஒரு கல்லறையும்

இணையத்தில் சில பக்கங்களைத் திறக்கும்போது, நான் ரோபோ அல்ல என்று ஒரு பெட்டியில் அடையாளமிடச் சொல்வார்கள். யோசிக்காமலே அடையாளமிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். ஏதாவதொரு ஆய்வுகூடத்திலோ தொழிற்சாலையிலோ பிறந்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது 1920 இல் ஒரு நாடகத்துக்காகப் பிறந்த சொல். நாடகத்தை எழுதியவர் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக். சொல்லைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். அந்தச் சகோதரர்களின் கதையை வாசித்த பிறகு, ரோபோ என்ற சொல்லை முன்போல இலகுவாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

கரெல் 1890 ஜனவரி 9 ஆம் திகதி பொஹீமியாவின் வடகிழக்கில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்போது அது ஒஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தகப்பன் ஒரு வைத்தியர். மூன்று பிள்ளைகளில் மூத்தவர் ஹெலெனா, அடுத்தவர் யோசெப், கடைசி கரெல். யோசெப் ஓவியரானார். கரெல் பிராக் நகரில் தத்துவம் படித்து 1915 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இளவயதிலேயே அவரைப் பிடித்த முள்ளந்தண்டு நோய் கடைசிவரை விடவில்லை. அந்த நோயால்தான் முதலாம் உலகப் போரில் அவர் படைக்குச் சேர்க்கப்படவில்லை. அவருடைய தலைமுறையில் எத்தனையோ இளைஞர்கள் போர்முனைக்குப் போய்த் திரும்பவில்லை.

1918 இல் பேரரசு உடைந்து செக்கோஸ்லாவாக்கியா என்ற புதிய நாடு பிறந்தது. கரெல் பத்திரிகையாளராக வேலை செய்துகொண்டே நாடகம் எழுதினார். மனிதர் செய்யும் வேலைகளையெல்லாம் செய்வதற்காகச் செயற்கை மனிதர்களைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை பற்றிய கதை அது. அந்தச் செயற்கை மனிதர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஒரு பெயரை யோசித்தார். அது புத்தகத்தனமாகப் பட்டது. படம் வரைந்துகொண்டிருந்த அண்ணனிடம் போய்க் கேட்டார். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டிருந்த யோசெப், ரோபோட் என்று வை என்று முணுமுணுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். சொல்லின் பெருமை முழுவதும் அண்ணனுக்கே உரியது என்று 1933 இல் கரெல் பத்திரிகையில் எழுதி வைத்திருக்கிறார்.

செக் மொழியில் ரொபொட்டா என்றால், குடியானவர்கள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டியிருந்த வேலை. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்று சொல்லப்பட்டதற்கு நெருக்கமானது. ஒஸ்திரியப் பேரரசில் அந்த முறை 1848 இல்தான் ஒழிந்தது. சாப்பெக்கின் வாசகர்களுக்கு அது தாத்தா பாட்டி காலத்து அனுபவம்.

ஆர்.யூ.ஆர். என்ற அந்த நாடகம் 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது. அதில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. செயற்கைச் சதையால் ஆன, பார்வைக்கு மனிதரைப் போன்றே இருக்கும் உயிர்கள். முதலில் வேலைக்கு வாங்குகிறார்கள். பிறகு அரசாங்கங்கள் அவற்றைப் படைவீரர்களாக்குகின்றன. கொல்லப் பழக்கப்பட்ட அவை இறுதியில் மனித குலத்தையே அழிக்கின்றன. கைகளால் உழைக்கும் ஒரு கட்டடக்காரரை மட்டும், அவரும் தங்களைப் போல வேலை செய்பவர் என்பதற்காக, உயிரோடு விடுகின்றன. சில ஆண்டுகளுக்குள் நாடகம் நியூயோர்க்குக்கும் லண்டனுக்கும் போனது. 1938 இல் பிபிசி அதன் ஒரு பகுதியைத் தொலைக்காட்சியில் காட்டியது. உலகம் ரோபோவை இரும்புப் பொம்மையாக்கிக்கொண்டது. அதில் கரெலுக்கு உடன்பாடு இருக்கவில்லை. இயந்திரத்துக்கு ஒருநாள் உயிர் வரும் என்பதல்ல அவருடைய பயம். மனிதரை இயந்திரமாக நடத்தலாம் என்ற எண்ணமே அவரைப் பயமுறுத்தியது.

ஆனால் அவர் எந்நேரமும் அழிவை நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அல்ல. தோட்டம் அவருக்கு உயிர். தோட்டக்காரரின் ஒரு வருடத்தைச் சொல்லும் வேடிக்கையான புத்தகத்தை 1929 இல் எழுதினார். படங்கள் யோசெப்புடையவை. தான் வளர்த்த நாய்க்குட்டியைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு புத்தகம் எழுதினார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய வீட்டில் எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் கூடிப் பேசுவார்கள். நாட்டின் முதல் ஜனாதிபதி மசாரிக்கும் அங்கே வந்திருக்கிறார். நீண்ட காலம் பழகிய நடிகை ஒல்காவை 1935 இல் திருமணம் செய்தார்.

அதற்குள் பக்கத்து நாட்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். கரெலின் எழுத்து மாறத் தொடங்கியது. 1936 இல் வந்த நாவலில், சுமாத்திரா அருகே கடலில் அறிவுள்ள சலமாண்டர்களை மனிதர் கண்டுபிடிக்கிறார்கள். முத்தெடுக்கப் பழக்குகிறார்கள், அடிமைகளாக விற்கிறார்கள், பிறகு ஒவ்வொரு நாடும் அவற்றுக்கு ஆயுதம் கொடுக்கிறது. கடைசியில் அவை தங்களுக்குக் கரை வேண்டுமென்று கண்டங்களை உடைத்துக் கடலாக்குகின்றன. 1937 இல் வந்த நாடகத்தில், ஒரு கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடித்த வைத்தியர், போரை நிறுத்தினால்தான் அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு மருந்து தருவேன் என்கிறார். போர் கேட்டுக் கூச்சலிடும் கூட்டம் அவரை மிதித்துக் கொல்கிறது.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது 1938 இல் மேடையேறிய தாய் என்ற நாடகம். கணவனையும் நான்கு பிள்ளைகளையும் இழந்த ஒரு தாய். அந்த நால்வரில் இருவர் இரட்டையர். உள்நாட்டுப் போரில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று இறந்தவர்கள். இறந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து அவளோடு பேசுகிறார்கள். மிஞ்சியிருக்கும் கடைசி மகனையும் அனுப்பு என்கிறார்கள். அவள் விடமாட்டேன் என்று நிற்கிறாள். எதிரிகள் பள்ளிப் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்று வானொலி சொன்னதும், சுவரிலிருந்த துப்பாக்கியை எடுத்து அவளே மகனிடம் நீட்டுகிறாள். அதோடு நாடகம் முடிகிறது.

போரை வாழ்நாளெல்லாம் வெறுத்த ஒருவர் ஏன் இப்படி முடித்தார் என்பது எனக்கு விளங்குகிறது. ஹிட்லர் எல்லையில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் அந்த முடிவோடு என்னால் சமாதானமாக முடியவில்லை. துப்பாக்கியை நீட்டியதும் திரை விழுந்துவிடுகிறது. எங்கள் தாய்மார் திரை விழுந்த பிறகு வரும் வருடங்களில் வாழ்கிறார்கள்.

1938 செப்டெம்பர் இறுதியில், பிரித்தானியாவும் பிரான்சும் மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்து, செக்கோஸ்லாவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை அவருக்குக் கொடுத்தன. அந்த நாட்டின் பிரதிநிதிகளுக்கு மேசையில் இடம் கொடுக்கப்படவில்லை. நம்பியிருந்த நாடுகளின் துரோகம் கரெலை உடைத்தது. சொந்த நாட்டுப் பத்திரிகைகளிலேயே சிலர் அவரைத் தாக்கி எழுதினார்கள். வெளிநாட்டுக்குப் போய்விடும்படி கேட்டவர்களிடம் மறுத்துவிட்டார். அந்த ஆண்டு நத்தார் தினத்தில், 48 வயதில், நியூமோனியாவால் இறந்தார். அடுத்த மார்ச்சில் நாசிப் படைகள் பிராக்குக்குள் வந்தன. கரெல் இறந்தது தெரியாமல் இரகசியப் பொலிஸார் அவரைக் கைதுசெய்ய வீடு தேடிப் போனார்கள். வீட்டில் இருந்தவர் ஒல்கா மட்டும்தான்.

அண்ணனை அவர்கள் தவறவிடவில்லை. ஹிட்லரைக் கேலிசெய்து சித்திரங்கள் வரைந்த யோசெப், போர் தொடங்கிய 1939 செப்டெம்பர் 1 ஆம் திகதியே கைதுசெய்யப்பட்டார். டாகாவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் என்று ஐந்தரை ஆண்டுகள் முகாம் முகாமாகக் கொண்டுபோகப்பட்டார். வரையத் தெரிந்த அவருடைய கையை நாசிகள் தங்கள் வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். ரொபொட்டா என்ற பழைய சொல்லின் பொருள் முழுவதும் அதில் இருந்தது. அதற்கிடையில் அவர் கவிதைகளும் எழுதினார். போர் முடிந்த பிறகு அவை புத்தகமாக வந்தன.

கடைசியாக அவர் கொண்டுபோகப்பட்ட இடம் பேர்கன் - பெல்சன், சிறுமி ஆன் பிராங்க் இறந்த அதே முகாம். டைபஸ் காய்ச்சல் அங்கே ஆட்களை நூற்றுக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தது. 1945 ஏப்ரல் 15 ஆம் திகதி பிரித்தானியப் படைகள் முகாமை விடுவித்தன. யோசெப் அந்த மாதத்தில் இறந்தார் என்று சொல்கிறார்கள். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. உடல் கிடைக்கவில்லை.

பிராக்கின் விஷெஹ்ராட் மயானத்தில் கரெலின் கல்லறை இருக்கிறது. அதே மயானத்தில் யோசெப்புக்கும் குடும்பத்தார் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். ஓவியரும் கவிஞருமான யோசெப் சாப்பெக் இங்கே புதைக்கப்பட்டிருப்பார், அவருடைய கல்லறை தொலைவில் இருக்கிறது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. கல்லின் படத்தை நான் இணையத்தில் கண்டேன். அதற்குக் கீழே யாருமில்லை. ஆனாலும் ஆட்கள் அங்கே போய்ப் பூ வைக்கிறார்கள். ஏன் வைக்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.