கண்ணைச் சோதித்த பெரியார்: சேர் சி. வி. இராமன்

கண் காண்பதெல்லாம் மெய்யாகுமா? உளநூல் பயிலும் மாணாக்கர் முன் முதன்முதல் எழும் வினா இது. ஒளியையும் நிறத்தையும் பற்றிய இத்தகைய வினாக்களை முதுமை வரை விடாது பற்றி நின்றவர், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அன்னார், 1907இல் அரசாங்க நிதித் திணைக்களத்தில் அலுவலேற்றுக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு, அதற்கு முன்னும் பின்னும் ஆய்வுகூடம். இவ்வாறு பத்தாண்டு கழிந்தபின், ஊதியம் குறைவாயினும் பேராசிரியப் பதவியையே விரும்பி ஏற்றார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் மீள்கையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. வானின் சாயலே கடலிற் தோன்றுகிறதென அறிஞர் கூறிவந்தனர். இராமன் நிக்கோல் அரியமொன்றினூடாக நோக்கி, நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளியை விலக்கினார். அப்போதும் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று துணிந்தார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் அந்நீலத்திற்குப் பெருங் காரணமென இன்று அறிவோம். நம் ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் அண்மைத் தேயிலைச் சரிவு பச்சையாகவும், அதே பசுமை போர்த்த தூரத்து மலை நீலமாகவும் தோன்றுவதற்கும் இடைநின்ற காற்றின் ஒளிச்சிதறலே காரணம். அவ்வழி ஆய்ந்து 1928இல் அவர் கண்ட விளைவுக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எழுபது வயதைக் கடந்தபின், பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில், இராமன் கண்ணையே ஆராயத் தொடங்கினார். நிறவடிகட்டியினூடாக வெண்திரையை நோக்கியிருந்து, விழி அசையாது அதனைச் சட்டென விலக்குவார். திரையில் இல்லாத உருவமொன்று அங்கே தோன்றும். தம் விழித்திரையே தன்னைக் காட்டுகிறதென அவர் கொண்டார். இதனையொத்த சோதனையை மாணாக்கரும் செய்யலாம். செந்தாளொன்றை அரை நிமிடம் உற்று நோக்கியபின் வெண்தாளைப் பார்த்தால், நீலங்கலந்த பச்சை தோன்றும். சிவப்பொளியால் மிகுதியாகத் தூண்டப்பட்ட கலங்கள் சிறிது நேரம் உணர்ச்சி குன்றுவதே இதற்கு முதற் காரணம்.

எனினும், மூவகைக் கூம்புக் கலங்களால் நிறமறிகின்றோம் என்னும் கொள்கையை இராமன் ஏற்கவில்லை. 1964இல் அமெரிக்க ஆய்வாளர் தனித்தனிக் கூம்புக் கலங்களை அளந்து அம்மூவகையையும் காட்டினர். 1968இல் வெளியிட்ட நூலிலும் அவர் தம் கருத்தை மாற்றவில்லை. 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

இவ்விடத்து அவர் பிழைத்தார் என்பதை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பெரியோர் சொல்லென்று அமையாது கடலைத் தாமே சோதித்தவர் அவர். அவர் சொல்லையும் அவ்வாறே சோதிக்கும் மாணாக்கரே அவர் வழி நிற்பவராவர்.